குரோதி வருடத்து ஹெரால்டு

என்னிடம் இருக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காரின் ஆர்.சி. புத்தகம், அதாவது பதிவுப் புத்தகம், அசல் அன்று. 1979இல் வாங்கிய நகல். அசல் எப்படித் தொலைந்தது என்பது யாருக்கும் நினைவில்லை. நகலை எழுதிய எழுத்தர், முதற்பதிவு தேதி என்ற கட்டத்தில் நாளையும் மாதத்தையும் விட்டுவிட்டு 1964 என்று ஆண்டை மட்டும் எழுதி, 'விற்றவர்' என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்து முடித்திருக்கிறார். அந்தக் கோட்டுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தேடப் போய், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

வண்டியை நான் 2018இல் தேவகோட்டைக்கு அருகில் ஓர் அரிசி ஆலையின் பின்கொட்டகையிலிருந்து எடுத்தேன். நான்கு சக்கரமும் தரையோடு படிந்து, பின் இருக்கையில் கோழி அடைகாத்த தடம் இருந்தது. விற்றவர் மூன்றாவது உரிமையாளர். "செட்டியார் வீட்டு வண்டி, 62 மாடல்" என்பதற்கு மேல் அவரிடம் தகவல் இல்லை. புத்தகம் 64 என்கிறது, அவர் 62 என்கிறார். பழைய வண்டி வியாபாரத்தில் ஓரிரண்டு ஆண்டை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதால் அன்று நானும் விட்டுவிட்டேன்.

பொருட்படுத்த வைத்தது 2021ஆம் ஆண்டு வந்த விதித் திருத்தம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதலான புதிய விதிகளைச் சேர்த்து, முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்திலோ அதன் மேலுள்ள கூட்டிலோ என்ஜினிலோ பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளை விண்டேஜ் வண்டிகள் என்று அரசு வகைப்படுத்தியது. ஏற்கெனவே பதிவெண் உள்ள வண்டி அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவற்றுக்கு நடுவில் 'விஏ' என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 5,000 ரூபாய். என் வண்டி 62 ஆனாலும் 64 ஆனாலும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் கணினியில் ஏற்றுவதற்கு நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். அலுவலகத்தில் இருந்தவர் மிகவும் இயல்பாக, "ஜனவரி ஒண்ணுன்னு போட்டுக்கலாமா சார்?" என்று கேட்டார். நாட்டில் எத்தனை பழைய வண்டிகள் இப்படி ஜனவரி முதல் தேதியில் பிறந்திருக்கின்றன என்று எண்ணியபடியே, சற்றுப் பொறுக்குமாறு சொல்லிவிட்டு வந்தேன்.

வெளிநாட்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேடல் ஓரளவு எளிது. ஜாகுவாராக இருந்தால், அந்நிறுவனத்தின் மரபு அறக்கட்டளைக்குச் சேசிஸ் எண்ணோடு எழுதிக் கட்டணம் செலுத்தினால், வண்டி செய்து முடிந்த நாள், ஆலையை விட்டுப் போன நாள், எந்த விநியோகஸ்தருக்குப் போனது, முதலில் பூசிய நிறம் என்று சான்றிதழாகவே தந்துவிடுவார்கள். அமெரிக்காவில் போன்டியாக் வண்டிகளுக்கு 1961 முதலான விற்பனைப் பட்டியல்களின் பிரதியைத் தர ஒரு தனி நிறுவனமே இருக்கிறது. நம் ஹெரால்டுக்கு அப்படி எழுதிக் கேட்க ஆலை இல்லை. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வேன்கார்டு, ஸ்டாண்டர்டு டென் போன்ற கார்களுக்குப் பிறகு 1961இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் டிரையம்ப் என்ற பெயரில் 1959இல் வெளியான, இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த அதே வண்டிதான், மதராசில் ஸ்டாண்டர்டு என்ற பெயரைப் பூண்டது. எழுபதுகளில் அது கேஸெல் ஆகி, பின்னர் எண்பதுகளில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய வண்டி வந்து எடுபடாமல் போய், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆலையும் நின்றுவிட்டது.

ஆகவே வண்டியிடமே முதலில் கேட்க வேண்டியதாயிற்று. ஹெரால்டு தனிச் சேசிஸ் மீது திருகாணிகளால் பொருத்தப்பட்ட கூடு கொண்டது. முன்மூடி முழுவதும் சக்கர மறைப்புகளோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக்குகளுக்கு இது வரம். வரலாறு தேடுபவனுக்குத் தொல்லை. ஒரு வண்டியின் கூட்டை இன்னொன்றின் சேசிஸ் மீது ஒரே நாளில் மாற்றிவிட முடியும் என்பதால், கண்ணுக்குத் தெரிகிற எதையும் உடனே நம்ப முடியாது. என் வண்டியில் இரண்டே கதவுகள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கென்றே 1968இல் வந்தது. எனவே அதற்கு முந்தைய வண்டியாக இருக்கலாம் என்ற அளவில் கூடு சாட்சி சொன்னது. சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டோம்; பொருந்தியது. என்ஜின் எண்ணில் ஓர் இலக்கம் மட்டும் இடம் மாறியிருந்தது, அது எழுத்தர் கைப்பிழை என்றே கொள்கிறேன்.

தேதியைச் சொன்னது, வண்டிக்கு மின்சாரம் உண்டாக்கும் டைனமோ. லூகாஸ் நிறுவனத்தின் மின்பாகங்களில் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் சிறிய எண்களாகக் குத்தும் வழக்கம் உண்டு. அறுபது ஆண்டு எண்ணெய் அழுக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தபோது, 8 என்ற எண்ணும் அதன் பக்கத்தில் 64 என்ற எண்ணும் வெளிவந்தன. டைனமோ பின்னாளில் மாற்றப்பட்டதாக இருக்கலாமே என்று தயங்கி ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கழற்றச் சொன்னேன். அதில் 7, 64. இரண்டும் ஒரு மாத இடைவெளியில் இருந்ததால், இவை ஆலையிலேயே பூட்டியவை, வண்டி 1964 ஆகஸ்டுக்கு முன்னால் முடிந்திருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தேன். அப்படியானால் '62 மாடல்' என்ற கதை எங்கிருந்து வந்தது?

விற்பனை செய்த கடையைத் தேடியதில் பயனில்லை. டேஷ்போர்டின் இடது மூலையில் விற்பனையாளரின் தகடு இருந்ததற்கு இரண்டு ஆணித் துளைகளும் வெளுக்காத ஒரு செவ்வகமும் மட்டுமே எஞ்சியிருந்தன. போக்குவரத்து அலுவலகத்தில் ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய 'பி' பதிவேடு என்று ஒன்று உண்டு. முதல் உரிமையாளர், விற்பனையாளர், தவணைக் கம்பெனி, பின்னர் நடந்த பெயர் மாற்றங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பதிவெண்ணின் எழுத்துகள் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்கு உரியவை. ஆகவே அந்த மாவட்டம் பிரிந்து உருவான இடங்களில் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். நான்கு முறை அலைந்த பிறகு, "அந்த வரிசைப் பதிவேடு எங்களிடம் இல்லை" என்று எழுத்தில் தந்தார்கள். அழிந்துவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. நான்தான் அப்படிப் புரிந்துகொண்டேன். பிற்பாடு அதற்காக வருந்தினேன்.

இதற்கிடையில் அரிசி ஆலைக்காரர் வழியாக முதல் வீட்டைக் கண்டுபிடித்தேன். இரண்டு கட்டு வீடு. முன்கட்டு பூட்டிக் கிடந்தது. முதல் உரிமையாளரின் மகள், எண்பதைக் கடந்த ஆச்சி, பின்கட்டில் இருந்தார்கள். வண்டியின் பெயரைச் சொன்னதும் அவர்கள் முதலில் கேட்டது, "இன்னும் அந்த நீலத்திலேயேதான் இருக்கா?" என்பதுதான். என் கைக்கு வந்தபோது அது செங்காவி நிறம். பிறகு ஒரு புகைப்படம் காட்டினார்கள். வண்டியின் முன்மூடியில் சாய்ந்தபடி புத்தாடையில் மூன்று பிள்ளைகள், தரையில் வெடித்த பட்டாசுக் காகிதம். என் கண் நேராக எண் பலகைக்குப் போயிற்று. அதில் இருந்தது என் வண்டியின் எண் அன்று. கையால் அவசரமாக எழுதியதுபோல் வேறு ஏதோ எண். ஒரு கணம் எல்லாமே சரிந்தது. வேறொரு ஹெரால்டும் இந்த வீட்டில் இருந்திருக்கிறது, அதுதான் 62, நான் தவறான வண்டியைப் பற்றித் தவறான வீட்டில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன்.

"ரெண்டு வண்டியெல்லாம் ஏது அண்ணே? அப்பச்சி அறுபத்திரண்டுல வண்டிக்குப் போட்டாக. அந்த ஒண்ணுதான்" என்றார்கள் ஆச்சி.

அதற்குப் பிறகு அவர்கள் செய்த உதவியைத்தான் பெரிதாகச் சொல்ல வேண்டும். நகரத்தார் வீடுகளில் கணக்கு எழுதும் ஒழுங்கு பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று கண்ணால் பார்த்தேன். மரப்பெட்டியிலிருந்து ஆண்டுவாரியாகக் கட்டிய பேரேடுகளை எடுத்துவரச் செய்தார்கள். எல்லாம் தமிழ் வருடப் பெயரில். 1964 ஏப்ரல் முதல் 1965 ஏப்ரல் வரை குரோதி வருடம். அந்தப் பேரேட்டில் புரட்டிக்கொண்டே போனபோது, ஐப்பசி மாதம் 12ஆம் நாளில், 'ஹெரால்டு வண்டி வகைக்கு மதுரைக் கம்பெனிக்குப் பாக்கித் தொகை' என்று பற்று எழுதியிருந்தது. அக்டோபர் கடைசி வாரம். அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில் வந்தது. புகைப்படத்தின் பட்டாசுக் காகிதத்துக்கு நாள் கிடைத்துவிட்டது. அடுத்த வரியிலேயே 'தற்காலிக நம்பர் வகைக்கு' என்று ஒரு சிறுதொகை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு மாதத்துக்குத் தற்காலிகப் பதிவு பெற வழி இருந்தது. வண்டியைக் கடையிலிருந்து அந்த எண்ணோடு ஓட்டிவந்து, தீபாவளியைக் கொண்டாடி, பிறகுதான் நிலையான எண்ணுக்குப் போயிருக்கிறார்கள். புகைப்படத்தில் இருந்த வேறு எண் அதுதான்.

'பாக்கித் தொகை' என்றால் முன்பணம் ஒன்று இருந்தாக வேண்டும் அல்லவா? குரோதியில் அது இல்லை. அதற்கு முந்தைய சோபகிருதுவிலும் இல்லை. சுபகிருது வருடத்துப் பேரேட்டில், ஆவணி மாதத்தில், 'வண்டி வகைக்கு அச்சாரம்' என்று இருந்தது. சுபகிருது ஆவணி என்றால் 1962 ஆகஸ்டு, செப்டம்பர். புதுக் காரை யாருக்கு எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்பதை, 1959ஆம் ஆண்டின் மோட்டார் கார் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணையின் வழியாக அரசே ஒழுங்குபடுத்திய காலம் அது; பணம் கட்டிவிட்டு வரிசைக்குக் காத்திருப்பது அன்று எல்லோருக்கும் பழகிப்போனது. ஆச்சி சொன்னது 'வண்டிக்குப் போட்டாக'. அதாவது பணம் போட்டார்கள். அது வாய்மாறி வாய்மாறி மூன்றாவது உரிமையாளரிடம் வரும்போது '62 மாடல்' ஆகிவிட்டது. இந்த இடத்தில் என் அவசரத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஆவணத்துக்கு முரணாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் குடும்பத்தார் நினைவை நான் ஆறு மாதமாகப் பொய்க் கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன்.

மூன்றாவதாக ஒரு வரி, தேடலையே முடித்துவைத்தது. கார்த்திகை முதல் வாரத்தில், 'மதுரைக்குப் போய் நம்பர் வாங்கின வகைக்கு, டிரைவர் படியோடு' என்று இருந்தது. மதுரைக்கா? தேவகோட்டை ராமநாதபுரம் மாவட்டம் ஆயிற்றே என்று யோசித்தபோதுதான், அந்தக் காலத்து ராமநாதபுரம் மாவட்டத்தின் தலைமையிடமே மதுரையில் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. ஆட்சியரே மதுரையில் உட்கார்ந்து ராமநாதபுரத்தை ஆண்டார். 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு உருவான இடங்களில் போய் அதற்கு முந்தைய பதிவேட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

மதுரையில் விண்ணப்பித்தேன். ஓய்வுபெற ஒரு மாதமே இருந்த ஓர் ஊழியர், பழைய கட்டுகள் இருந்த அறையில் ஒரு பிற்பகல் முழுவதும் தேடி எடுத்துத் தந்தார். பக்கத்தின் ஓரத்தைச் செல் அரித்திருந்தது. நடுப்பகுதி தெளிவாக இருந்தது. முதற்பதிவு 1964 நவம்பர் 18. நிறம் நீலம். தவணைக் கம்பெனி என்ற இடத்தில் 'இல்லை'. விற்றவர் என்ற கட்டத்தில் மதுரைக் கடை ஒன்றின் பெயர்; அது இப்போது இல்லை, அந்த இடத்தில் துணிக்கடை இருக்கிறது. டேஷ்போர்டின் செவ்வகத்துக்கு என்ன எழுத்து பொருந்தும் என்பதாவது தெரிந்தது. தகடு ஒன்றைப் புதிதாகச் செய்து ஒட்டலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை, பழையது எங்காவது அகப்பட்டால் மாட்டுவேன், இல்லையேல் அந்த இரண்டு துளைகள் அப்படியே இருக்கட்டும்.

படிவத்தில் நவம்பர் 18 என்று எழுதிக் கொடுத்தேன். பேரேட்டின் மூன்று பக்கங்களையும் படம் எடுத்து அச்சிட்டு, டைனமோவின் படத்தோடு சேர்த்து ஓர் உறையில் போட்டு கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இதை ஆச்சியிடம் தொலைபேசியில் சொன்னபோது, "நீலம் எப்ப அடிக்கப் போறீக?" என்று கேட்டார்கள். பதிவேட்டில் நீலம் என்று மட்டுமே இருக்கிறது, எந்த நீலம் என்று இல்லை. அடுத்த மாதம் பெயிண்டர் கொடுத்த வண்ண அட்டைகளோடு தேவகோட்டைக்குப் போவதாக இருக்கிறேன்.