தெய்ஸேயின் தட்டு

3 ஜூன் 2025, செவ்வாய்
இஸ்தான்புல் காடிகோயின் செவ்வாய்ச் சந்தையில் பருப்புக்கீரை! இங்கே செமிஸோத்து. அதே சிவப்புத் தண்டு, அதே கொழுத்த இலை. கடையலாம் என்று ரெண்டு கட்டு வாங்கினேன். கீழ்வீட்டு தெய்ஸே (நாம் பெரியம்மா என்பது போல) படியில் பார்த்துவிட்டு, அடுப்பில் ஏற்றாதே, பச்சையாகக் கிள்ளி, பூண்டு தட்டிப் போட்டுத் தயிரில் கலந்துவிடு என்றார். கலந்தேன். உப்பு போடவில்லை. பூண்டு காப்பாற்றியது, இவர் எதுவும் கேட்கவில்லை.

4 ஜூன்
ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வரவில்லை.

5 ஜூன்
மதியத்தோடு எல்லாம் மூடியாயிற்று. நாளை குர்பான் பய்ராம், நம் பக்ரீத். இனி செவ்வாய்தான். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.
மைசூர்ப் பருப்பு சூப். வெங்காயம், கேரட், சீரகம் போட்டு வேகவைத்து அரைத்து, கடைசியில் வெண்ணெயில் காய்ந்த புதினாவும் மிளகாய்ச் செதிலும் பொரித்து மேலே ஊற்ற வேண்டும். நம் தாளிப்பேதான், கடுகுதான் இல்லை. வழக்கமாகப் போடும் தக்காளி விழுது, அந்தச் சல்ச்சாவின் டப்பாவை இன்றைக்குத்தான் திருப்பிப் பார்த்தேன். எத்தனை வருஷமாக உப்பைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்! தக்காளியையே துருவிப் போட்டேன். ஏதோ குறையுது என்றார். குறைகிறதுதான்.

6 ஜூன்
தட்டு நிறைய குர்பானி இறைச்சியோடு தெய்ஸே. பண்டிகை நாளில் எப்படி வேண்டாம் என்பது? வாங்கிக்கொண்டேன். போகும்போது கையைப் பிடித்து "கெச்மிஷ் ஓல்சுன்" என்றார். கடந்து போகட்டும் என்று அர்த்தம். நோயாளி இருக்கிற வீட்டில் சொல்வது. தெய்ஸேக்கு யார் சொன்னது? நான் வாயே திறக்கவில்லையே.

7 ஜூன்
இறைச்சி ஃப்ரீசரில். தட்டு கழுவி மேடையில். வெறும் தட்டைத் திருப்பக் கூடாது, நம் ஊர் மாதிரியே. என்ன வைத்துக் கொடுப்பது?

8 ஜூன்
பீன்ஸ், ஸெய்தின்யாலி, அதாவது ஆலிவ் எண்ணெய்ச் சமையல். அரைக் கிலோ பீன்ஸ், ஒரு வெங்காயம், மூன்று தக்காளி, ஆலிவ் எண்ணெய், ஒரு சிட்டிகை சர்க்கரை. மூடி போட்டுச் சிறு தீயில் கிடக்க வேண்டும். நம் பொரியல் மாதிரி நறுக்கென்று இருக்கக் கூடாது, குழைய வேண்டும். அப்புறம் ஆறவிட்டுத்தான் சாப்பிடுவது. ஆறிப்போனதை இவர் தொட்டதே கிடையாது. இன்றும் தொடவில்லை, தயிரை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டார். ராத்திரி பதினொரு மணிக்கு அடுப்படியில் சத்தம். விளக்குப் போடாமல் சட்டியிலிருந்தே ஸ்பூனால் தின்றுகொண்டிருந்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

9 ஜூன்
சின்னவள் கேட்கிறாள், அப்பாவுக்குத்தானே உப்புக் கூடாது, எனக்கு ஏன் என்று. கத்திவிட்டேன். பாவம்.

10 ஜூன், செவ்வாய்
சந்தைக்குப் போகவில்லை. ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.
புல்குரை, இங்கத்து உடைத்த கோதுமையை, ஒன்றுக்கு இரண்டு தண்ணீரில் வேகவைத்து, ஊர்க் கடுகு, பெருங்காயம் தாளித்து எலுமிச்சை பிழிந்தேன். தெய்ஸே பங்குக்கு மட்டும் உப்பு. கை பழக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது. தட்டு ஒருவழியாகக் கீழே போயிற்று.

11 ஜூன்
நாளை காலை ஒன்பதுக்கு ரெண்டு பேரும் வர வேண்டுமாம். ரெண்டு பேரும் எதற்கு? கொண்டைக்கடலை ஊறப்போட்டிருக்கிறேன்.