ரிப்போர்ட் நார்மல், எரிச்சல் மட்டும் நிஜம்

எனக்கு சார்காய்டோசிஸ் (பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும் ஒரு நோய்) என்று தெரிந்தவர்கள் கேட்பதெல்லாம் "இருமல் எப்படி இருக்கு?" என்றுதான். இருமல் பரவாயில்லை, ராத்திரியில் பாதம் எரிந்து தூங்க முடியவில்லை என்றால், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் ஒரு பார்வை.

சம்பந்தம் இருக்கிறது. இந்த நோயில் உடம்பின் நோய் எதிர்ப்பு செல்கள் கூடி, கிரானுலோமா என்ற சின்னச் சின்ன முடிச்சுகளாகக் கட்டிக்கொள்கின்றன. பெரும்பாலும் நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும்தான், ஆனால் நரம்பும் தசையும் விலக்கில்லை. நரம்பு மண்டலம் வெளியே தெரிகிற அளவுக்குப் பாதிக்கப்படுவது நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு. அதில் முக நரம்புதான் அதிகம் அடிவாங்கும்: வாய் கோணும், கண் மூடாது, சிலருக்கு இரண்டு பக்கமும். திடீரென்று பார்வை மங்கினால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

என்னுடையது வேறு ரகம். வலியையும் சூட்டையும் உணர்த்தும் மிக மெல்லிய நரம்பிழைகள் கெட்டுப்போவதால் வருவது, போர்வை பட்டாலே சுருக்கென்கும், சிலருக்கு எழுந்து நின்றதும் தலை சுற்றும். வழக்கமாக எடுக்கிற நரம்பு டெஸ்ட் தடித்த இழைகளைத்தான் அளக்கும், அதனால் ரிப்போர்ட் நார்மல் என்றே வரும், அதைப் பார்த்துவிட்டு "எல்லாம் மனசுதான்" என்பார்கள் (இந்த வசனத்தைக் கண்டுபிடித்தவர் கையில் கிடைத்தால் தெரியும்). தோலில் துளி எடுத்து இழைகளை எண்ணும் பயாப்ஸியில்தான் விஷயம் பிடிபடும்.

தசைக் கதை இன்னும் குழப்பம். பயாப்ஸி செய்தால் பாதிப் பேருக்கு மேல் தசையில் கிரானுலோமா தென்படலாம், ஆனால் அதில் மிகச் சிலருக்குத்தான் தொல்லை. அப்படி வந்தால் தொடையும் தோளும் தளரும்: படி ஏற, கீழே உட்கார்ந்து எழ, தலை வாரக் கை தூக்கவே கஷ்டம். சரி, இதற்குக் கொடுக்கிற ஸ்டீராய்டும் அதிக அளவில் நாள்பட எடுத்தால் அதே தொடையைத்தான் தளர்த்தும்! நோயால் என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும், மருந்தால் என்றால் குறைக்க வேண்டும். தசை என்சைம் ரத்தப் பரிசோதனை இரண்டிலுமே நார்மலாக இருக்கலாம் என்பதால், எப்போது மருந்து தொடங்கினோம், தளர்ச்சி அதற்கு முன்பா பின்பா என்று நாம் சொல்வதற்கு மதிப்பு அதிகம். அதற்காக ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும், திடீரென விட்டால் ஆபத்து.

எனக்கு இப்போது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைச் சேர்த்து, ஸ்டீராய்டை மெதுவாக இறக்குகிறார்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள் போடுகிற மாத்திரை, மறந்து தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் டப்பாமேல் கிழமையை எழுதி ஒட்டியிருக்கிறேன்.