லெந்து நாட்குறிப்பு: திருத்துறதும் திரும்ப சேர்க்கிறதும்

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்
ஆராதனைல பைபிள்ல இருந்து யோவேல் 2ஆம் அதிகாரம் வாசிச்சாங்க, வஸ்திரத்தை இல்ல இருதயத்தைக் கிழிச்சுட்டு வாங்கன்னு வருமே அந்தப் பகுதி. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற இந்த லெந்து (தவக்காலம்) முழுக்க ஒரே விஷயம் தான் படிக்கணும்னு இருக்கேன், தப்பு பண்ணவங்களை சபை எப்படி திருத்தணும், அவங்க மனந்திரும்பினா அப்புறம் நாம என்ன செய்யணும்.

மார்ச் 11
மத்தேயு 18. முதல்ல நீயும் அவனும் தனியா பேசணும், கேக்கலைன்னா ஒண்ணு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போகணும், அதுக்கும் கேக்கலைன்னா தான் சபைக்கு சொல்லணும். நாம நேரா கடைசிக்குப் போயிடறோம். எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி சீட்டுப் பணத்தை எடுத்து செலவழிச்சது வெளிய வந்ததும் ஜெபக்குழு வாட்ஸ்அப்ல "ஜெப விண்ணப்பம்"னு பேரோட போட்டாங்க, அதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒருத்தர் கூட பேசலை. அதை ஜெபம்னு என்னால ஏத்துக்க முடியல, அது புறங்கூறுறது தான். அதே அதிகாரத்துல இந்தப் பகுதிக்கு முன்னாடி காணாமப் போன ஆடு, பின்னாடி எழுபது தரம் ஏழு மன்னிப்பு, நடுவுல இருக்கிறதை மட்டும் உருவி எடுத்து தண்டனை சட்டமா ஆக்கிட்டோம்.

மார்ச் 23, ஞாயிறு
சவுல் ராஜாவும் "பாவஞ்செய்தேன்"னு சொன்னான், அவனுக்கு அப்புறம் ராஜாவான தாவீதும் சொன்னான். ஆனா சவுல் அதோட சேர்த்தே மூப்பர்கள் முன்னாடி என்னைக் கனம்பண்ணும்னு தீர்க்கதரிசி சாமுவேல்கிட்ட கேட்டான் (1 சாமுவேல் 15). உரியாவோட மனைவியை எடுத்துக்கிட்டு அவனைக் கொல்ல வச்ச தாவீது, கண்டிக்க வந்த தீர்க்கதரிசி நாத்தான்கிட்ட மானத்தைக் காப்பாத்துன்னு எதுவும் கேக்கலை. உடனே மன்னிப்பும் கிடைச்சுது, ஆனா உரியா செத்தது செத்தது தான், தாவீதோட வீட்டுல பட்டயம் (வாள்) விலகவும் இல்ல. மன்னிச்சாச்சு, இனி நஷ்டத்தைப் பத்தி பேசக்கூடாதுன்னு சிலர் சொல்றப்போ எனக்குக் கோவம் வருது, வரி வசூலிக்கிற சகேயு மனந்திரும்பினப்போ நாலத்தனையா திருப்பித் தர்றேன்னு தானே நின்னான். அந்தத் தம்பியும் மாசாமாசம் பணத்தைத் திருப்பிக் கட்டிட்டு இருக்கான்.

ஏப்ரல் 2
2 கொரிந்தியர் 2. தண்டிச்சது போதும், அவன் துக்கத்துல அமிழ்ந்து போயிடாம மன்னிச்சு ஆறுதல் சொல்லுங்கன்னு பவுல் எழுதறார். முதல் நிருபத்துல வெளிய தள்ளச் சொன்ன அதே ஆள் தான் இவன்னு சிலர், வேற ஆள்னு சிலர், யாரா இருந்தாலும் சரி. தள்ளுங்கன்ற வசனம் கமிட்டி மீட்டிங்ல எல்லாருக்கும் மனப்பாடம், இதை யாரும் வாசிச்சு நான் கேட்டதே இல்ல.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
இயேசுவைக் காட்டிக் குடுத்த யூதாஸ் அதுக்கு வாங்கின 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டு போய் பாவஞ்செய்தேன்னு ஆசாரியர்கள்கிட்ட சொன்னான். பாவத்தை அறிக்கை பண்ணி வந்தவனுக்கு அவங்க குடுத்த பதில், "எங்களுக்கென்ன, அது உன்பாடு." அவன் பண்ணின துரோகத்தை நான் குறைச்சுப் பேசலை, ஆனா ஆசாரியன்னு இருக்கிறவன் சொல்ற பதிலா அது? அதுக்கு மேல வாசிக்க முடியாம மூடி வச்சிட்டேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்
மாற்கு 16ல தூதன் "சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும்"னு சொல்றான், இயேசுவைத் தெரியாதுன்னு மூணு தரம் மறுதலிச்சவன் பேரைத் தனியா எடுத்து. அப்புறம் திபேரியா கடற்கரையில என்னை நேசிக்கிறாயான்னு இயேசு அவன்கிட்ட மூணு தரம் கேக்கறார், மூணாவது தரம் பேதுருவுக்கு வலிக்குது, ஆனா ஒவ்வொரு கேள்விக்கும் பின்னாடியே ஆடுகளை மேய்னு வேலையையும் குடுக்கறார். கண்டிச்சுட்டு ஓரமா உக்கார வைக்கலை. அந்தத் தம்பி கொயர்ல பாடிட்டு இருந்தவன். அடுத்த கமிட்டில அவனைத் திரும்ப சேர்க்கணும்னு நான் எழுந்து கேக்கப் போறேன், கூட ரெண்டு அண்ணன்மாரும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.