இறால் குள நீர்த்தரப் பிராக்டிகல்: தண்ணீர் எடுத்த மணியை எழுதுங்கள்

நேற்று ரிசல்ட் வந்தது, அரியர் முடிந்தது. போன தடவை இதே பிராக்டிகலில், இதே வன்னாமி இறால் குளத் தண்ணீரில்தான் விழுந்தேன். அந்த வலி இன்னும் இருக்கிறது. ஜூனியர்கள் யாரும் அதே இடத்தில் விழக்கூடாது.

டைட்ரேஷன் எல்லாம் அன்றைக்குச் சரியாகவே செய்தேன். ரெக்கார்டில் பிஎச் 9, மொத்த அமோனியா 1 பிபிஎம் என்று எழுதியிருந்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு எடுத்த தண்ணிம்மா?" எனக்குத் தெரியவில்லை.

பகலில் பிளாங்க்டன் (தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி) கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிஎச் ஏறும், இரவில் இறங்கும். 28 டிகிரியில் பிஎச் 8 என்றால் மொத்த அமோனியாவில் 5–6 சதவீதம்தான் நச்சு வடிவம். பிஎச் 9 ஆனால் அது 40 சதவீதத்தை நெருங்கிவிடும். டிஓ (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன்) பிற்பகலில் உச்சத்தில் இருக்கும், விடியலுக்கு முன் மிகக் குறைவாக இருக்கும். மணி இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு குளத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

அட்டவணையை மனப்பாடம் செய்வது எனக்கு ஒத்துவராது. அதனால் இந்தத் தடவை வேதாரண்யம் பக்கம் ஒரு பண்ணையில் இரண்டு வாரம் தங்கி, தினமும் காலை நாலரைக்கே கரைக்குப் போனேன். 35 செ.மீ.யில் மறைந்துகொண்டிருந்த செக்கி தட்டு (தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க இறக்கும் தட்டு), மூன்று நாள் மழைக்கு அப்புறம் 70 செ.மீ. வரை தெரிந்தது. ஓரமெல்லாம் நுரை. "பிளாங்க்டன் செத்துடுச்சும்மா, ஏரேட்டர் நிக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் பண்ணை அண்ணன் தீவனத்தையும் குறைத்தார். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் குறைகிறது, அமோனியா ஏறுகிறது. வைவாவில் இதை மணியோடு சொன்னேன். அதற்கு மேல் கேள்வியே வரவில்லை.

மற்றவை:
- செக்கி 30–40 செ.மீ., டிஓ 4 பிபிஎம்முக்குக் குறையக்கூடாது.
- செட்ஜ்விக் ராஃப்டர் செல் (மைக்ராஸ்கோப்பில் பிளாங்க்டன் எண்ணும் தட்டு): 1 மி.லி., 1000 கட்டம். மாதிரியை எத்தனை மடங்கு செறிவாக்கினீர்கள் என்பதைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.
- மாதிரி கெடாமல் இருக்க லூகால் அயோடின் விட்டால் எல்லாமே பழுப்பாகிவிடும். கீட்டோசெராஸா (டயாட்டம்) ஆசிலட்டோரியாவா (நீலப்பச்சைப் பாசி) என்பதை வடிவத்தை வைத்துச் சொல்லுங்கள்.
- டிஓ பார்க்க எடுக்கும் விங்க்லர் பாட்டிலைக் கரையிலேயே ரீஏஜென்ட் விட்டு ஃபிக்ஸ் செய்யுங்கள். லேபுக்குப் போகிற நேரத்துக்குள் டிஓ மாறிவிடும். மூடியதும் பாட்டில் மேலேயே மார்க்கரால் மணியை எழுதிவிடுங்கள்.