காலையில் மட்டும் மடங்காத விரல்கள்

அம்மாவுக்கு முடக்குவாதம், அதாவது நோயெதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய், வந்து ஆறு வருடம் ஆகிறது. விடியற்காலையில் டம்ளரைப் பிடிக்கக்கூட விரல் மடங்காது, பத்து மணிக்கு அதே கையால் தோசை திருப்பிக்கொண்டிருப்பார். ராத்திரி முழுக்க அசையாமல் கிடப்பதால் மூட்டு இறுகிவிடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதிக் கதைதான்.

நோயெதிர்ப்பு செல்கள் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொள்ள அனுப்பும் மூலக்கூறுகளுக்கு சைட்டோகைன் என்று பெயர். அதில் மூட்டு வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்பது, இந்த நோய்க்காரர்களுக்கு, பின்னிரவில் ஏறி விடியற்காலையில் உச்சத்துக்குப் போகிறது. அதை அடக்கவேண்டிய கார்டிசால் ஹார்மோனோ நள்ளிரவில் அடிமட்டத்தில் கிடந்து, கண் விழிக்கிற நேரத்துக்குத்தான் மேலே வருகிறது.

இதில் வேடிக்கை, கார்டிசாலைக் கூப்பிடுவதே சைட்டோகைன்கள்தான். இன்டர்லூகின்-1 ஊசி போட்ட எலிகளில் கார்டிசால் வகை ஹார்மோன்கள் ஏறுவதை 1986-ல் பெசெடோவ்ஸ்கி குழு காட்டியது. மூளையில் ஹைப்போதலாமஸ் சேதியைப் பிடித்து பிட்யூட்டரி சுரப்பியைத் தட்ட, அது சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்ட, அங்கிருந்து கிளம்பும் கார்டிசால் நோயெதிர்ப்பு செல்லுக்குள்ளேயே புகுந்து சைட்டோகைன் தயாரிக்கும் மரபணுக்களை அமர்த்திவிடும். முடக்குவாதத்தில் எரிகிற தீக்கு இந்தத் தண்ணீர் போதுவதில்லை.

அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர் ஃபிலிப் ஹென்ச், கர்ப்பமான பெண்களுக்கும் மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் மூட்டுவலி தானாகக் குறைவதைக் கவனித்து, உடம்பே ஏதோ மருந்து செய்கிறது என்று வருடக்கணக்காகத் தேடினார். 1948 செப்டம்பரில், நடக்கவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண்ணுக்கு, கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோனை ஊசியாகப் போட்டார்கள். ஒரே வாரத்தில் அவர் கடைக்குப் போய் வந்தார்! 1950-ல் ஹென்ச்சுக்கும், அட்ரினல் ஹார்மோன்களைப் பிரித்தெடுத்த வேதியியலாளர்கள் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு. பக்கவிளைவுகள் அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

அம்மா கண்டது முகம் உப்புவதைத்தான். கண்ணாடியில் பார்த்துவிட்டு யாருக்கும் சொல்லாமல், கார்டிசால் மாதிரியே வேலை செய்யும் பிரெட்னிசலோன் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், பிபி இறங்கிவிட்டது. மாத்திரை வருகிறதே என்று அட்ரினல் மாதக்கணக்கில் வேலையைக் குறைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது, திடீரென்று கேட்டால் எங்கே போகும்? டாக்டரிடம் நல்ல திட்டு வாங்கினோம், எனக்கும் சேர்த்து.

இப்போது மாதம் ஒரு மில்லிகிராமாகக் குறைத்து வருகிறார்கள். அம்மா காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார், நான் தினமும் ராத்திரி போய் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்க்கிறேன்.