நாற்பத்திரண்டு கற்களில் உயிர்த்தடம் தேடிய பதினெட்டு மாதங்கள்

சென்ற ஆண்டு தைப் பொங்கல் விடுமுறையில் தொடங்கிய வேலை இது. சேலத்தைச் சுற்றி நானும் உறவினர்களும் எடுத்து வைத்திருந்த, பார்த்தவுடன் எலும்பு, முட்டை, இலை, மரக்கட்டை என்று தோன்றிய நாற்பத்திரண்டு கற்களுக்கு எண் ஒட்டி, ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தை நோட்டில் எழுதி, அவற்றில் உண்மையான தொல்லுயிர் எச்சம் எது, வெறும் கல் எது என்று பிரிக்க முற்பட்டேன். கருவிகள் எளியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு காந்தம், இரும்பு ஆணி, சமையலறை வினிகர், மிகவும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு முதலில் கிடைத்த அளவுகோல் பாட்டியின் பூஜைப் பெட்டியில் இருந்த சாளக்கிராமம். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்களில் பல, கடலில் வாழ்ந்து மறைந்த அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரின் எச்சங்கள். "கண்ணால பாரு சாமி, ஆணி கீணி வெக்காத" என்று பாட்டி சொன்னதால் லென்ஸோடு நிறுத்திக்கொண்டேன். அதுவே போதுமானதாக இருந்தது. சுருளின் உள்ளே குறுக்குச் சுவர்கள் நின்றன. மையத்தில் நெருங்கியிருந்த அவற்றின் இடைவெளி, வெளியே வர வர ஒரே ஒழுங்கில் அகன்றுகொண்டே போனது. உயிர் வளர்ந்தால் அந்த வளர்ச்சியின் கணக்கு கல்லில் நிற்கும். வெளியுருவம் எதையும் போலத் தோன்றலாம், உள்ளமைப்பில் இந்தக் கணக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

4ஆம் எண் கல்லில்தான் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. கருப்பூர்ப் பக்கத்து நண்பர் கொடுத்த வெள்ளைக்கல் அது. பிளந்த முகத்தில் பெரணி இலை போலக் கருப்புக் கிளைகள் விரிந்திருந்தன. லென்ஸில் பார்த்தபோது நடுநரம்பு இல்லை, இலைக்குக் காம்பு இல்லை, எல்லாக் கிளைகளும் விரிசலின் ஓரத்திலிருந்தே புறப்பட்டன. மாங்கனீசு கரைந்த நீர் மெல்லிய விரிசலில் ஊடுருவிப் படியவிட்ட ஆக்சைடுதான் இப்படிக் கிளைவிடும். ஆணியால் சுரண்டியதும் கருப்பு பொடியாக உதிர்ந்து, அடியில் வெள்ளை தெரிந்தது.

அந்த வெள்ளைக்கல்லே ஒரு பழைய தவறான பெயரைச் சுமக்கிறது. சேலத்தை ஒட்டிய மாக்னசைட் குன்றுகளை ஆங்கிலேயர் 'சாக் ஹில்ஸ்' என்று அழைத்தனர். உண்மையான சாக் என்பது கடல் நுண்ணுயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகள் கோடிக்கணக்கில் படிந்து உண்டாவது. நம்முடையதோ டியூனைட் என்னும் பாறை கரியமில வாயு கலந்த நீரால் சிதைந்து உருவான மக்னீசியம் கார்பனேட். நிறம் ஒன்றுதான், பிறப்பு வேறு. மூளை போலவும் காலிபிளவர் போலவும் இருந்த ஐந்து வெள்ளை உருண்டைகளில் வினிகர் விட்டேன். ஒரு குமிழிகூட எழவில்லை. பொடித்து, சூடான அமிலத்தில் இட்ட பிறகே பொங்கியது. உடைத்த முகம் பீங்கான் போல வழவழப்பாக இருந்தது. அடுக்கோ துளையோ இல்லை.

ஏற்காட்டுக் கற்களை விரைவாகவே ஒதுக்க முடிந்தது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் என்னும் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியது. எலும்புள்ள உயிர் தோன்றுவதற்கு வெகு காலம் முந்தைய அப்பாறையில் முட்டையைத் தேடுவதில் பொருளில்லை. 'முட்டைகள்' எல்லாம் வெயிலிலும் மழையிலும் வெங்காயச் சருகு போலத் தோலுரிந்து உருண்டையானவை. மலையுச்சியின் பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவில் மீன்முட்டை போல நெருங்கியிருந்த மணிகளும் மண்ணில் அலுமினியச் சேர்மங்கள் சுற்றிச் சுற்றிப் படிந்தவையே. மரக்கட்டை போல வரியோடிய 17ஆம் எண்ணை மறுக்கத்தான் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் வரை போய் வந்தேன். 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள அந்தக் கல்மரத்தின் அருகில் நின்று பார்த்தால் முழு மரம் விழுந்து கிடந்த வடிவம் புரிகிறது. என் கல்லிலோ கருப்பும் வெள்ளையுமான பட்டைகள் எந்த மையத்தையும் சுற்றாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேரே ஓடின. அது நைஸ் என்னும் பட்டைப் பட்டையான உருமாறிய பாறை.

பாறையின் வயதை மட்டும் நம்பியிருந்தால் அடுத்த வகையைத் தவறவிட்டிருப்பேன், ஏனெனில் பாறை பழையதானாலும் அதன் மேலுள்ள மண் இளையது. கிணறு வெட்டிய மண்ணில் கிடைத்த மூன்று சுக்கான்கற்கள், அதாவது சுண்ணாம்புக் கட்டிகள், விரல் எலும்பு போல நீண்டு, நடுவில் துளையோடு, கவைவிட்டு இருந்தன. வினிகர் பட்டவுடன் சீறின. எலும்பாக இருந்தால் வெளிப்புறம் கெட்டியாகவும் உட்புறம் பஞ்சு போலவும் இருக்க வேண்டும். இவற்றில் அந்த வேறுபாடு இல்லை. மண்ணுக்குள் ஓடிய வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து, வேர் மக்கிப்போய், அதன் வழி மட்டும் துளையாக நின்றிருக்கிறது. இத்தகையவற்றை ஆய்வாளர்கள் வேர்த்தடம் என்றே கணக்கில் கொள்கிறார்கள். ஆகவே நோட்டில் 'கல்', 'எச்சம்' என்ற இரு பத்திகளுக்கு நடுவே 'தடம்' என்று மூன்றாவதாக ஒரு பத்தி கோடு போட்டேன். நேரடியான விடையைவிட இந்த நடுப்பத்திதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது என்று நினைக்கிறேன்.

31ஆம் எண்ணில் நான் செய்த தவறையும் எழுத வேண்டும். பெரம்பலூரில் படிக்கும் அக்காள் மகன், காரை என்ற ஊர்ப் பக்கத்துச் செம்மண் சரிவில் உதிர்ந்து கிடந்ததாகச் சொல்லி, சுண்டுவிரல் அளவுள்ள பழுப்புத் துண்டு ஒன்றைத் தந்திருந்தான். உடைந்த முகத்தில் இழைகள் தெரிந்தன. காரையில் ஜிப்சம் நரம்புகள் ஏராளம் என்று படித்திருந்ததால், சோதிக்காமலேயே "ஜிப்சம், கல்" என்று எழுதிவிட்டேன். ஐந்து மாதம் அது கற்களின் பெட்டியிலேயே கிடந்தது.

சித்திரையில் பலவற்றை மறுபடி எடுத்துச் சோதித்தபோது அதை நகத்தால் கீறினேன், கோடு விழவில்லை. ஜிப்சமாக இருந்தால் நகத்துக்கே பொடிந்திருக்கும். வினிகரில் மெல்லக் குமிழிகள் எழுந்தன, ஆகவே அது கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம். முகத்தை நனைத்து லென்ஸில் பார்த்தேன். ஜிப்சம் நரம்பில் இழைகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். இதிலோ நடுப்புள்ளி ஒன்றிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல எல்லாப் பக்கமும் பரவியிருந்தன. அந்த ஆரங்களுக்குக் குறுக்கே, மெல்லிய வளையங்கள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக இருந்தன. பாட்டியின் சாளக்கிராமத்தில் பார்த்த அதே வளர்ச்சிக் கணக்கு! சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலில் நீந்திய, கணவாயின் உறவான பெலம்னைட்டின் உள்ளோட்டுத் துண்டு அது.

மருமகனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "அப்ப ஒரு பக்கம் கூம்பு மாதிரி குழி இருக்கணுமே மாமா?" என்று கேட்டான். துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அகன்ற முனையில், மண் அடைத்த பள்ளம் ஒன்று இருந்தது. ஊசியால் மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்தபோது, உள்ளே கூர்ந்து இறங்கும் குழி தெரிந்தது. நோட்டில் பழைய வரியை அடிக்காமல், அதன் கீழே தேதியிட்டுப் புதிய வரியை எழுதினேன். இப்போதைய கணக்கு: எச்சம் ஒன்று, தடம் மூன்று, கல் முப்பத்தெட்டு. அந்த முப்பத்தெட்டில் சோதிக்காமல் முடிவெழுதியவை இன்னும் ஆறு இருக்கின்றன. ஆடி மாதம் முழுவதும் அவற்றுக்குத்தான்.