ஒரு வாறுகால் பாலத்துக்கு மன்றத் தீர்மானம் வாங்கிய கதை

தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆனால் எங்கள் தெருவுக்கு அல்ல, கிட்டத்தட்ட அதே பெயரில் பக்கத்து வார்டில் இருக்கும் தெருவுக்கு. எங்களுடையது மேற்குத் தெரு, தட்டச்சில் கிழக்குத் தெரு ஆகிவிட்டது. கிழக்குத் தெருவில் வாறுகாலும் (சாக்கடைக் கால்வாய்) கிடையாது, பாலமும் கிடையாது. இல்லாத பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நகர்மன்றம் ஒருமனதாக அனுமதி கொடுத்திருந்தது. அதைத் திருத்த அலைந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நகராட்சியில் இதுபோல் வேலை ஆக வேண்டியவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

தெரு முனையில் இருக்கும் சிறுபாலத்தின் சிலாப் உடைந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குப்பை வண்டி உள்ளே வராது, தண்ணீர் லாரியும் வராது. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்து 2022 மார்ச் வரை தனி அலுவலர் பொறுப்பில் நகராட்சி ஓடியது இல்லையா, அந்தக் காலத்தில் தெருக்காரர்கள் கொடுத்த மனுக்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. எவரிடமும் மனு பதிவான எண் இல்லை. அதனால் முதல் அறிவுரை: மனுவைப் பிரிவில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி, அடுத்த வாரம் போய் ந.க. எண்ணை, அதாவது மனு பதிவான கோப்பு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் போய் நின்றால் "எந்த மனு?" என்பார்கள். முதல்வர் உதவி மையத்தின் 1100-க்கும் போன் செய்யலாம், தப்பில்லை. கடைசியில் அந்தப் புகாரும் அதே நகராட்சி மேசைக்குத்தான் வந்து சேரும்.

2022 பிப்ரவரி தேர்தலுக்குப் பிறகு வார்டுக்கு ஒரு கவுன்சிலர் கிடைத்தார். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. போன் செய்தால் அவருடைய வீட்டுக்காரர்தான் எடுப்பார். "பார்ப்போம் தம்பி, ஃபண்டு வரட்டும்" என்பார். "சரிங்க அண்ணாச்சி" என்று வைத்துவிடுவேன். மாதக்கணக்கில் இதுவே நடந்தது. கடைசியில் தெருப் பெண்கள் நான்கைந்து பேர் நேராகக் கவுன்சிலர் அக்காவையே பிடித்து, பாலத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உடைந்த சிலாபில் ஏறி நின்று, காலால் அழுத்திப் பார்த்தார். சிமெண்ட் பொலபொலவென்று வாறுகாலில் உதிர்ந்தது. அடுத்த வாரமே உதவிப் பொறியாளர் டேப்போடு வந்து அளந்தார். நாலரை லட்சத்துச் சொச்சத்துக்கு மதிப்பீடு தயாரானது. இந்தக் கட்டத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

மன்றக் கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் பொருள் நிரலை (அஜெண்டா) அச்சடித்து எல்லாக் கவுன்சிலர்களுக்கும் அனுப்புவார்கள். ஒவ்வொரு பொருளும் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்" என்று முடியும், அதன் கீழே "அனுமதிக்கலாம்" என்று அலுவலகக் குறிப்பு இருக்கும். உங்கள் வேலை அதில் வந்திருக்கிறது என்றால் அந்தப் பக்கத்தைக் கவுன்சிலரிடம் வாங்கி எழுத்து எழுத்தாகப் படியுங்கள். தெருப் பெயர், வார்டு எண், தொகை, எந்த நிதியிலிருந்து என்பது வரை பாருங்கள். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

கூட்டத்தைப் பார்க்கப் போனால் வாசலிலேயே நிறுத்தி, "நிருபர்களுக்கு மட்டும்தான்" என்றார்கள். கவுன்சிலர் அக்கா வந்து சொன்ன பிறகு பின் வரிசையில் உட்கார இடம் கிடைத்தது. முதல் ஒரு மணி நேரம் குடிநீர்ச் சண்டை. எந்த வார்டுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அது நியாயமான சண்டைதான், குறை சொல்ல மாட்டேன். அப்புறம் பொருள் வாசிக்க ஆரம்பித்தார்கள். பத்துப் பன்னிரண்டு தாண்டியதும் ஒரு பக்கத்திலிருந்து "ஆல் பாஸ்" என்று குரல் வந்தது, அதாவது மீதியை வாசிக்காமலே எல்லாம் நிறைவேறியதாக வைத்துக்கொள்வது. மேசையைத் தட்டினார்கள், கூட்டம் முடிந்துவிட்டது. எங்கள் பாலமும் அந்தத் தட்டலில் நிறைவேறியது. கீழே வந்து டீ குடித்துக் கொண்டாடினோம்.

டெண்டர் எப்போது என்று விசாரிக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பொறியியல் பிரிவு எழுத்தர் தீர்மான நகலைத் திருப்பிக் காட்டினார். "உங்க தெருவுக்குத் தீர்மானமே இல்லையே சார்."

"மதிப்பீட்டில் மேற்குன்னு இருக்கே?"

"இருக்கு. வரைபடத்திலயும் மேற்குதான். மன்றம் அனுமதிச்சது கிழக்கு."

"ஒரு வார்த்தைதானே, திருத்திடலாமே?"

"தீர்மானத்தில கை வைக்க எனக்கு ஏது அதிகாரம்? மறுபடி மன்றத்துக்குத்தான் போகணும்."

அவர் சொன்னது சரிதான் என்பதுதான் கூடுதல் எரிச்சல். மன்றம் முடிவு செய்ததை எழுத்தர் பேனாவால் மாற்ற ஆரம்பித்தால் ஊரே தாங்காது. ஆனால் மறுபடி வைப்பதற்குக் குறிப்பு எழுதச் சொன்னால், உதவிப் பொறியாளர் எழுதித் தர வேண்டும் என்றார். உதவிப் பொறியாளர் அதற்குள் மாறுதலாகிப் போயிருந்தார். பக்கத்து ஊர்க்காரருக்குக் கூடுதல் பொறுப்பு. அவர் செவ்வாயும் வெள்ளியும் வருவார், வந்தாலும் சைட்டுக்குப் போயிருப்பார். கோப்பு எங்கே என்று கேட்டால் "சுற்றில் இருக்கு" என்ற ஒரே பதில்.

இதை உடைத்தது பத்து ரூபாய்தான். தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 6(1)-இன் கீழ் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. "ஏன் தாமதம்" என்று கேட்கவில்லை. ஏன், எதற்கு என்று விளக்கம் கேட்டால் அது தகவல் இல்லை என்று தட்டிக்கழிக்க வழி கிடைத்துவிடும். மதிப்பீடு, பொருள் நிரலின் அந்தப் பக்கம், தீர்மானம் ஆகிய மூன்றின் நகலை மட்டும் கேட்டேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய். சட்டத்தில் சொல்லியிருக்கும் 30 நாள் முடிகிற நேரத்தில் பதில் வந்தது. மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் மேற்கு, மற்ற இரண்டில் கிழக்கு. எல்லாம் அவர்கள் அலுவலக முத்திரையோடு. அதை இணைத்து ஆணையாளருக்கு ஒரு கடிதம், நகல் கவுன்சிலருக்கு. அதுவரை சுற்றில் இருந்த கோப்பு அந்த வாரமே கீழே இறங்கியது.

அந்த மாதக் கூட்டம் வேறு ஏதோ பிரச்சினையில் வெளிநடப்பு, ஒத்திவைப்பு என்று போய்விட்டது. அடுத்த கூட்டத்தில்தான் திருத்தப் பொருள் வந்தது. இந்த முறையும் பாதியிலேயே "ஆல் பாஸ்" குரல் கிளம்பியது. கவுன்சிலர் அக்கா எழுந்து, "என் வார்டுப் பொருளை வாசிச்சிட்டு பாஸ் பண்ணுங்க" என்றார். தலைவர் சிரித்துக்கொண்டே நேரமாகிறது என்றார். அக்கா உட்காரவில்லை. வாசித்தார்கள். "மேற்கு" என்று வந்ததும் பின் வரிசையிலிருந்து நாங்கள் கை தட்டிவிட்டோம், தட்டக் கூடாதாம். அதற்கு ஒரு திட்டு.

அதன் பிறகு டெண்டர், பணி ஆணை, வேலை எல்லாம் தன்பாட்டில் நடந்தன. ஒன்றே ஒன்று. பாலத்தைச் சாலை மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டிவிட்டு, இரண்டு பக்கமும் சரிவைக் குட்டையாக விட்டுவிட்டார்கள். ஸ்கூட்டி ஏறினால் அடிவயிறு உரசும். அளவெடுத்து எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) பதிவதற்கு முன்பே போட்டோவோடு பொறியியல் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தோம். ஒப்பந்ததாரர் முணுமுணுத்துக்கொண்டே ஆள் அனுப்பி இரண்டு பக்கமும் நீட்டிக் கொடுத்தார். பில் பாஸ் ஆகும் வரைதான் அவர் நம் போனை எடுப்பார், அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்.